மதிப்பீட்டைத் தாண்டிய மருத்துவமனை பில்லை அப்படியே கட்ட வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வேலை மாறும் இடைவெளியில், காப்பீடு இல்லாத நிலையில், முன்பதிவு செய்து கொலோனோஸ்கோபி (பெருங்குடலின் உட்புறத்தைக் கேமராக் குழாயால் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டேன். மருத்துவமனை முன்கூட்டியே தந்த மதிப்பீடு 1,900 டாலர், பில்லோ 2,450. அதே தாளில் மருத்துவர் கட்டணம் 900 என்றிருந்தது. அவர் தனியாக 1,150 கேட்கிறார். தாளில் பெயரே இல்லாத திசுப் பரிசோதனைக்கூடமும் 310 டாலருக்குப் பில் அனுப்பியிருக்கிறது. அனைத்தையும் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள, ‘நோ சர்ப்ரைசஸ்’ என்ற அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, காப்பீடு இல்லாதவர்களுக்கும், இருந்தும் பயன்படுத்தாமல் கைப்பணம் செலுத்துபவர்களுக்கும், முன்பதிவு செய்த சிகிச்சையின் உத்தேசச் செலவை எழுத்தில் தர வேண்டும். உங்களிடம் உள்ள தாள் அதுதான். அது ஒப்பந்தமாகாது, ஆயினும் மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாகக் கேட்டால் நீங்கள் முறையிடலாம். இந்த வரம்பு மொத்தப் பில்லுக்கு அல்ல, கட்டணம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருந்தும். ஆகவே 550 டாலர் கூடுதலாகக் கேட்கும் மருத்துவமனை மட்டுமே இதில் சிக்கும். மருத்துவரிடமும், மதிப்பீட்டில் இடம்பெறாத பரிசோதனைக்கூடத்திடமும் தள்ளுபடி கேட்டுப் பார்ப்பதே வழி.

முதலில் இனவாரியான பில்லை வாங்கி, மதிப்பீட்டுடன் வரிவரியாக ஒப்பிடுங்கள். மதிப்பீட்டில் 45378 என்றும் பில்லில் 45385 என்றும் சிகிச்சைக் குறியீடு இருந்தால், வெறும் பரிசோதனையாகத் தொடங்கியது பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) அகற்றுவதில் முடிந்திருக்கிறது என்று பொருள். திசுப் பரிசோதனை பில் வந்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். எதிர்பாராத, மருத்துவரீதியில் அவசியமான கூடுதல் சிகிச்சை என்று மருத்துவமனை வாதிடும். ஆனால் இப்பரிசோதனையில் பாலிப் அகப்படுவது அபூர்வமன்று என்பதால், அதை முன்பே கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்வாதம் வைக்கலாம். மருத்துவமனையின் விளக்கத்தை, முறையீட்டை விசாரிக்கும் நடுவர் ஏற்காவிட்டால், மதிப்பீட்டில் உள்ள தொகையைச் செலுத்தினால் போதும்.

பில் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் மத்திய அரசின் இணையதளம் வழியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர். 550 டாலருக்காக அதைச் செலவிடுவதில் நட்டமில்லை, வென்றால் அதுவும் பில்லில் கழிக்கப்படும். விசாரணை முடியும்வரை பாக்கியை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்க மருத்துவமனைக்கு அனுமதி இல்லை. விண்ணப்பிக்கும் முன் பில்லிங் அலுவலகத்துடன் ஒருமுறை பேசிப் பாருங்கள். அவர்கள் தொகையைக் குறைக்க ஒப்புக்கொண்டால், அதை எழுத்தில் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள்.