முன் வளவில் கார் விட அனுமதி வேண்டுமா? இங்கிலாந்து வாசகர்களின் கேள்விகள்

மதிலுக்கு உள்ளே இருப்பது உங்கள் நிலம். வெளியே இருக்கும் நடைபாதையும் அதன் ஓரக்கல்லான கேர்ப்பும் பொதுத்தெரு. இரண்டுக்கும் அனுமதி தனித்தனி. வந்த குழப்பங்களில் பாதி இதை ஒன்றாக நினைப்பதால்தான். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

முன்பக்கப் புல்தரையை எடுத்துவிட்டுக் கல் பதிக்கப் போகிறோம். பிளானிங் அனுமதி (கட்டட, நில மாற்றங்களுக்குக் கவுன்சில் தருவது) தேவையா? (ஹரோ)

தண்ணீர் எங்கே போகும் என்பதைப் பொறுத்தது. 2007 கோடை வெள்ளத்தில் பல ஊர்களில் வடிகால்கள் தாங்கவில்லை. அதன்பின் 2008 அக்டோபர் 1 முதல் வந்த விதி இது: 5 சதுர மீட்டருக்கு மேல் முன் வளவை மூடினால், மழைநீர் தரைக்குள் இறங்கும் பரப்பாக இருக்க வேண்டும், அல்லது உங்கள் வளவிலுள்ள புல்லுக்கோ பாத்திக்கோ வழிந்து போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அனுமதி கேட்க வேண்டும்.

பில்டர் 'பெர்மியபிள் பிளாக்' (தண்ணீரைக் கீழே இறங்க விடும் கல்) என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். கல்லுக்குக் கீழே என்ன போடுகிறார் என்று நின்று பாருங்கள். வழக்கமான தூள் கலந்த ஜல்லியைக் கொட்டி இறுக்கி, இடைவெளிகளில் மணல் நிரப்பினால், விலை கூடிய கல் வாங்கியும் தண்ணீர் தெருவுக்குத்தான் ஓடும். அடியில் தூளில்லாத ஜல்லி, இடைவெளியில் சின்ன ஜல்லி; அதுதான் சரி. செலவு குறைய வேண்டுமா? சக்கரம் போகும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல், மீதிக்குச் சரளை.

கல் பதித்து முடித்துவிட்டோம். இனி கார் ஏறி இறங்கக் கேர்ப்பைத் தாழ்த்த விண்ணப்பிக்கலாமா? (ஈஸ்ட் ஹாம்)

விண்ணப்பிக்கலாம். ஆனால் வரிசை தலைகீழ். முதலில் கேர்ப், அப்புறம்தான் கல். உங்கள் வளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் கவுன்சிலின் நெடுஞ்சாலைப் பிரிவு மறுத்துவிடலாம். காரணங்களும் சாதாரணமானவை: தெருவிலிருந்து வீட்டுச் சுவர் வரை காருக்குப் போதிய ஆழம் இல்லை (பல கவுன்சில்கள் 4.8 மீட்டர் அளவில் கேட்கின்றன; உங்கள் கவுன்சில் கேட்கும் அளவைப் பாருங்கள்), நடைபாதையில் மரம் நிற்கிறது, சந்தி பக்கத்தில் இருக்கிறது. விளக்குக்கம்பமோ நிலத்தடிக் குழாயோ குறுக்கே இருந்தால் நகர்த்தும் செலவும் உங்கள் தலையில்தான்.

தெரு ஏ, பி, சி என வகைப்படுத்தப்பட்ட சாலையானால் கேர்ப்புக்கே தனியாகப் பிளானிங் அனுமதி வேண்டும். வேலையைக் கவுன்சிலோ அது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரரோதான் செய்ய வேண்டும். பணம் நீங்கள் கட்டினாலும் தாழ்த்திய கேர்ப் உங்கள் சொத்தாகிவிடாது.

'அதுவரை காரைக் கேர்ப்புக்கு மேலால் சும்மா ஏற்றி இறக்குகிறோம்' என்கிறீர்கள். வேண்டாம். நடைபாதையில் வண்டி ஓட்டுவதை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. வழக்கமாக ஏற்றி இறக்கினால், 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 184ஆம் பிரிவுப்படி கவுன்சிலே நோட்டீஸ் தந்து, வழியை அமைத்து, செலவை உங்களிடம் வாங்கவும் முடியும்.

எங்களுடையது கீழ்த்தள பிளாட். இதே விதிதானா?

இல்லை. தண்ணீர் சரியாக வடிந்தால் அனுமதி கேட்காமல் கல் பதிக்கலாம் என்ற சலுகை தனி வீடுகளுக்குத்தான்; பிளாட்டுகளுக்குக் கிடையாது. அதற்கு முன் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்; முன் வளவு உங்களுடையதாகவே இல்லாமல் இருக்கலாம்.

பக்கத்து வீட்டு விருந்தாளிகள் எங்கள் டிரைவ்வேயை மறித்து நிறுத்துகிறார்கள். அதன் முன் தெருவில் வெள்ளைக் கோடு போட்டால் போதுமா? (டூட்டிங்)

அந்த வெள்ளைக் கோடு வெறும் நினைவூட்டல். பலம் தாழ்த்திய கேர்ப்புக்குத்தான்: அதன் குறுக்கே நிறுத்தினால் கவுன்சில் அபராதச் சீட்டு கொடுக்கலாம். வீட்டில் இருப்பவர் சம்மதித்தால் குற்றமில்லை என்பதால், பெரும்பாலும் நீங்கள் கூப்பிட்டுச் சொன்னால்தான் கவுன்சில் ஆட்கள் வருவார்கள். இரண்டு வீடுகளுக்குப் பொதுவான வழியென்றால் ஒருவர் சம்மதம் செல்லாது.

கார் உங்கள் டிரைவ்வேக்கு உள்ளேயே நின்றால் கதை வேறு. அது அத்துமீறல், சிவில் விவகாரம். கோபத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடாதீர்கள். 2012 அக்டோபர் முதல் தனியார் நிலத்தில் அது குற்றம்.

இரட்டைக் கேட் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நடைபாதைப் பக்கம் திறக்கக் கூடாது. தெருவை ஒட்டி ஒரு மீட்டருக்கு மேல் உயரமென்றால் அனுமதியும் வேண்டும். வளவின் ஆழம் காரின் நீளத்துக்கே சரியாக இருந்தால் உள்பக்கம் திறக்கும் கேட் பம்பரில் இடிக்கும். பக்கவாட்டில் தள்ளும் கேட்டாகப் போடுங்கள்.