கேள்வி - பதில்: மோட்டர் நின்றால் ஆர்டுயினோவும் மயங்குகிறது

கேள்வி: 1 குதிரைவலு தண்ணீர் மோட்டரை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் 5 வோல்ற் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) மொடியூலும் வைத்து இயக்குகிறேன். மோட்டர் நிற்கும்போது ஊனோ ரீசெட் ஆகிறது. சிலவேளை ரிலே ஒட்டிக்கொண்டு, தாங்கி நிரம்பி வழிந்தாலும் மோட்டர் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஒட்டிய ரிலேயை முதலில் கழற்றி எறியுங்கள். அதன் முதுகில் உள்ள 10 அம்பியர், ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. உங்கள் மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அப்போது தொடுமுனை உருகி ஒட்டுகிறது. 230 வோல்ற் சுருள் கொண்ட, ஏசி-3 வகையில் (மோட்டர் சுமைக்கான கணக்கு) 12 அம்பியர் தாங்கும் கொன்ராக்டர் (பெரிய சுமைக்கான ரிலே) ஒன்றை வாங்கி மோட்டரை அதில் இணையுங்கள். புது ரிலே கொன்ராக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும். 230 வோல்ற் வயரிங்கை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

ரீசெட்டுக்குக் காரணம், மோட்டரிலோ கொன்ராக்டரிலோ உள்ள சுருளின் மின்னோட்டம் அறுபடும்போது எழும் உயர் வோல்ற்றளவு. இங்கே டயோட் போடச் சொல்வோர் உண்டு, கேட்காதீர்கள். ஏசி சுருளுக்குக் குறுக்கே டயோட் போட்டால் ஷோர்ட்தான். 100 ஓம் தடையியையும் 0.1 மைக்ரோபரட், 275 வோல்ற் எக்ஸ்2 (மெயின்ஸ் மின்னுக்குக் குறுக்கே போடத்தக்க வகை) கொள்ளளவியையும் தொடராக்கி, கொன்ராக்டர் சுருளின் இரு முனைக்கும் குறுக்கே போடுங்கள். ரிலேயின் தொடுமுனைக்குக் குறுக்கே போட்டால், ரிலே திறந்திருக்கும்போதும் ஏறத்தாழ 7 மில்லிஅம்பியர் கசியும். சிறிய கொன்ராக்டர் விடுபடாமல் முனகிக்கொண்டிருக்கும்.

தாங்கியின் மிதவை ஸ்விட்ச் வயர் மோட்டர் வயரோடு ஒரே குழாயில் போகிறதா? பிரித்துவிடுங்கள். ஊனோவின் உள் புல்-அப் (பின்னை 5 வோல்ற்றில் பிடித்துவைக்கும் தடையி) 20 முதல் 50 கிலோஓம்; நீள வயருக்கு அது போதாது. மிதவை ஸ்விட்ச் வரும் ஊனோ பின்னிலிருந்து (pin) 5 வோல்ற்றுக்கு 2.2 கிலோஓம், தரைக்கு 0.1 மைக்ரோபரட் போடுங்கள்.

ரிலே மொடியூலில் ஜேடி-விசிசி (ரிலேச் சுருளுக்கு மின் தரும் முனை) ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றி, ரிலேச் சுருளுக்குத் தனி 5 வோல்ற் சப்ளை கொடுங்கள். அந்தச் சப்ளையின் தரையை ஊனோவின் தரையோடு சேர்த்தால் பிரித்ததன் பயன் போய்விடும்.

கேள்வி: தோட்டத்து மண் ஈரப்பத சென்சரின் இரு கால்களும் சில வாரத்திலேயே கரைந்துவிடுகின்றன. போலிப் பொருளா?
- வாசகி, கல்முனை

பதில்: போலியல்ல. கால்களுக்கிடையே எந்நேரமும் டிசி ஓடுவதால் மின்பகுப்பில் செம்பு அரிக்கிறது. உப்பு மண்ணில் இன்னும் வேகமாக. சென்சரின் விசிசியை (மின் வாங்கும் முனை) ஊனோவின் டிஜிற்றல் பின் ஒன்றில் இணைத்து, அரை மணிக்கு ஒருமுறை வாசிக்கும் கணத்தில் மட்டும் மின் கொடுங்கள். கொள்ளளவு வகை சென்சர் கிடைத்தால் அதுவே நல்லது. ஆனால் அதன் பலகை ஓரங்களால் நீர் உள்ளே ஊறும். புதைக்குமுன் ஓரங்களுக்கு நகப்பூச்சு இரண்டு கை பூசிக் காயவிடுங்கள்.