சார்லட்டை எடுத்துவிட்டால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலை இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் கதையாக மாற்றிய இளையோர் நாவல் ஒன்றை என் 15 வயது மகள் இரண்டே நாளில் படித்து முடித்தாள். நானும் படித்தேன். கதாநாயகன் டார்சியின் கடிதம் நள்ளிரவுக் குறுஞ்செய்தி ஆகிவிட்டது. கதாநாயகி எலிசபெத்தின் தோழி சார்லட் மாதிரி தேவையில்லாத பாத்திரங்களை எடுத்துவிட்டதால் விறுவிறுப்பாகவே போகிறது. மூலத்தையும் படிக்கச் சொல்லவா, இதுவே போதுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மகள் இரண்டு நாள் ஒரு புத்தகத்தோடு கிடந்தாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். குறுஞ்செய்தியில் எனக்கு வருத்தமில்லை, காலம் மாறினால் கடிதமும் மாறத்தான் செய்யும்.

ஆனால் ‘தேவையில்லாத பாத்திரம்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சார்லட்டுக்கு 27 வயது, சொத்தும் இல்லை, அழகும் இல்லை. எலிசபெத் வேண்டாம் என்று தள்ளிய அவளுடைய உறவுக்காரர் காலின்ஸ் மூன்றே நாளுக்குள் இவளிடம் வந்து கேட்கிறார், இவள் சரி என்கிறாள். அக்கா கடைசிவரை கல்யாணமாகாமலே இருந்துவிடுவாளோ என்ற தம்பிகளின் பயம் அதோடு தீர்கிறது. எலிசபெத்துக்கும் தகப்பனார் போய்விட்டால் வீடு இல்லை, அது காலின்ஸுக்குத்தான் போகும். அந்த நிலையிலும் அவள் மறுத்தாள் என்பதன் கனம், பக்கத்தில் சார்லட்டின் ‘சரி’ இருப்பதால்தானே நமக்குத் தெரிகிறது? அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெண்ணின் வீம்பு மட்டும்தான்.

17 வயதில் இதைப் படித்தபோது, சார்லட் சம்மதிக்கும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ‘கோழை’ என்று எழுதி வைத்தேன். என் அக்கா கல்யாணம் ஆகிப் போயிருந்த சமயம் அது. வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் குறைந்தால் தம்பி படிப்பான் என்று, பிடிக்காத ஒருவருக்குத் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தம்பி நான்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பல வருடம் கழித்து அதே பிரதியில் 30ஆம் அத்தியாயத்தைப் படித்தேன். வெளிச்சமும் வசதியுமான முன்னறையை விட்டுவிட்டு சார்லட் ஏன் பின்னறையில் உட்காருகிறாள் என்று எலிசபெத் யோசிக்கிறாள், பிறகு புரிந்துகொள்கிறாள்: இவள் முன்னறையில் இருந்தால் கணவர் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வார். புத்தகத்தை மூடிவிட்டேன். அக்கா வீட்டிலும் அவள் தையல் மிஷின் காற்றே வராத பின்கட்டில்தான் கிடந்தது. போகும்போதெல்லாம், வாசல் பக்கம் போட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஜேன் ஆஸ்டினும் 1802 டிசம்பரில் ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்கு மாலையில் சரி சொல்லி, மறுநாள் காலையில் மாட்டேன் என்றவர். அப்போது அவருக்கு 27 நிறையச் சில நாட்கள்தான் பாக்கி. நாவலின் முதல் வடிவம் அதற்கு முன்பே எழுதியாகிவிட்டது, அதைத் திருத்தி 1813இல் வெளியிட்டார். சார்லட்டுக்கு 27 என்பதை நான் சாதாரணமாகக் கடந்து போவதில்லை.

மகளுக்கு மூலத்தைக் கொடுங்கள், அவள் வேகத்துக்குப் படிக்கட்டும். அந்த 30ஆம் அத்தியாயம் வரும்போது மட்டும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.