காடை அடை உட்காருமா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: கூண்டில் இருபது காடை. முட்டைக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றுகூட அடை உட்காரவில்லை. ஏன்?

ப: நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, இன்குபேட்டரிலேயே பொரித்து வந்ததில் அந்தக் குணம் தேய்ந்துவிட்டது. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும், அப்படிப்பட்ட காடையை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் முழுசாகப் போய்விடவில்லை. முதலில் கம்பித் தரையிலிருந்து மண்தரைக்கு இறக்குங்கள். ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெட்டை போதும். மூலையில் உயரமான புல், காய்ந்த வைக்கோல், சாய்த்து வைத்த பலகை என்று தலைக்கு மேல் மறைப்பு வேண்டும். முட்டையை எடுக்காதீர்கள், என்னிடம் பத்து சேர்ந்த பிறகுதான் ஒருத்தி உட்கார்ந்தாள். இறகை உப்பிக்கொண்டு, தீவனத் தட்டின் சத்தம் கேட்டும் எழாமல், வெளியே நழுவிய முட்டையை அலகால் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டால் சரி, அடைதான். ஆண் தொந்தரவு செய்தால் பிரித்துவிடுங்கள். அப்புறம் எட்டிப் பார்க்காதீர்கள்.

கே: எத்தனை நாளில் பொரிக்கும்?

ப: 17, 18 நாள்.

கே: என் காடைக்குக் கண் வீங்கியிருக்கிறது.

ப: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், இன்றைக்கே.

கே: அடைக்கோழிக்கு அடியில் காடை முட்டை வைக்கலாமா?

ப: வைக்கலாம், சின்ன உருவக் கோழியாக இருந்தால். 10, 12 கிராம் முட்டை, பெரிய கோழி மிதித்தால் தீர்ந்தது. கோழி முட்டையோடு கலந்து வைக்காதீர்கள், அதற்கு 21 நாள்.

கே: மரபணுவிலேயே போனதை வைக்கோல் போட்டு வரவழைக்க முடியாது. உங்களுக்கு நடந்தது குருட்டு அதிர்ஷ்டம்.

ப: பாதி ஒத்துக்கொள்கிறேன். என் பத்துப் பெட்டைகளில் ஒருத்திதான் உட்கார்ந்தாள், மற்றவை அதே புல்லில் முட்டையை இட்டுவிட்டு நடையைக் கட்டின. ஆனால் முட்டை மேல் உட்காருவது வேறு, குஞ்சை ஏற்பது வேறு. அடையே உட்காராத பெட்டையை ராத்திரி சின்னப் பெட்டியில் ஒருநாள் வயதுக் குஞ்சுகளோடு விட்டால், காலையில் பல பெட்டைகள் சிறகை விரித்து அணைத்துக்கொண்டிருக்கும். ஆய்வுக்கூடங்களிலும் இதைச் செய்கிறார்கள். குணமே செத்திருந்தால் இது எப்படி நடக்கும்? கொத்துகிறதா என்று மட்டும் முதலில் கவனியுங்கள், கொத்தினால் உடனே பிரியுங்கள்.

கே: அது நீங்கள் பழக்கியது. இயல்பு இல்லை.

ப: ஒரே ராத்திரியில் எதைப் பழக்குவது? குஞ்சு அடியில் புகுந்து நெருடுகிறது, உடம்பு பதில் சொல்கிறது. உள்ளே இல்லாததைக் குஞ்சு கொண்டுவந்து வைக்குமா? விடுங்கள், இதிலேயே பொழுது போய்விட்டது.

கே: எத்தனை நாள் ஆகும் பொரிக்க?

ப: மேலே இருக்கிறது.

கே: குஞ்சுக்குத் தண்ணீர்?

ப: ஆழமில்லாத தட்டு, உள்ளே கூழாங்கல். இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

கே: என் காடை மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டது.

ப: எத்தனை தடவை எட்டிப் பார்த்தீர்கள்?

கே: சும்மா காலை, மதியம், சாயங்காலம்தான். ஒரு தடவை போட்டோ எடுத்தேன்.

ப: 😐