ராக்கெட் 'அது' இல்லை, 'அவன்'

கேள்வி: 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்துக்குப் போய் நாலு பக்க விமர்சனம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு உருண்டையை எல்லோரும் துரத்துகிறார்கள், அவ்வளவுதான் கதை. நடுவில் பேசும் ரக்கூன் ஒன்று, மூன்று வார்த்தை மட்டுமே தெரிந்த மரம் ஒன்று, காதில் வாக்மேனோடு ஒரு திருடன். அந்த ரக்கூன் ஒரு இடத்தில் அழுகிறது. அது அழுதால் நாமும் அழ வேண்டுமா? குழந்தைகள் சிரித்துவிட்டுப் போகிற படத்தை இப்படி எடைபோடுவது விமர்சனத்துக்கே அவமானம் இல்லையா?

பதில்: அவமானம் இல்லை. நாலு பக்கம் போதவில்லை என்பதுதான் என் குறை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உருண்டை இருக்கிறது, ரக்கூன் இருக்கிறது, மரம் இருக்கிறது, படத்தின் முதல் சில நிமிடங்கள் மட்டும் அதில் இல்லை. 1988, ஒரு மருத்துவமனை. புற்றுநோயில் ஒரு தாய் இறந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் நிற்கிற பையன் பீட்டர் குவில், கண்ணில் அடிபட்டு வந்திருக்கிறான். ஏன் சண்டை போட்டாய் என்று கேட்கிறாள். மற்ற பையன்கள் ஒரு சின்னத் தவளையைக் குச்சியால் நசுக்கிக் கொன்றுவிட்டார்கள், அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்கிறான். அப்புறம் அவள் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். அவன் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் போய்விடுகிறாள். அழுதுகொண்டே வெளியே ஓடுகிறவனை ஒரு விண்கலம் தூக்கிக்கொண்டு போகிறது.

ஒரு தவளைக்காக அடி வாங்கிய பையன், தாயின் கையைப் பிடிக்காமல் விட்ட பையன். மொத்தப் படமும் இந்த இரண்டிலிருந்துதான் வளர்கிறது. இதைத் தவறவிட்டுவிட்டுப் பார்த்தால் உருண்டை மட்டும்தான் கண்ணில் படும்.

உருண்டை விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அதற்குள் இருக்கிற கல் பின்னால் வரப்போகும் படங்களுக்காக எடுத்து வைத்த சாமான். மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ பட வரிசையில் இது 10வது படம், அப்படி ஒரு வரிசையில் வருகிற படத்துக்கு இந்த மாதிரி வீட்டுப்பாடங்கள் இருக்கும். இயக்குனர் ஜேம்ஸ் கன்னுக்கே அந்தக் கல்மேல் பெரிய ஆசை இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை. அவருடைய ஆசையெல்லாம் அதைத் துரத்துகிற அந்த ஐந்து பேர் மேல்தான்: திருடன் குவில், ரக்கூன் ராக்கெட், மரம் க்ரூட், அப்புறம் கமோரா, ட்ராக்ஸ்.

ஐந்து பேர் என்று சொல்கிறேன், நீங்கள் மூன்று பேர், ஒரு மிருகம், ஒரு மரம் என்று கணக்கு வைத்திருப்பீர்கள். சண்டை இங்கேதான். உங்கள் கடிதத்தில் ராக்கெட் 'அது'. எங்கள் விமர்சனத்தில் அவன் 'அவன்'. இது எழுத்துப்பிழை இல்லை. நம் மொழியில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னாலே எதிரில் இருப்பது உயர்திணையா அஃறிணையா என்று தீர்ப்பு சொல்லியாக வேண்டும், வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே அது வந்துவிடும். 'அழுகிறது' என்று நீங்கள் எழுதியபோது தீர்ப்பை முடித்துவிட்டீர்கள். இந்தப் படம் மேல்முறையீடு செய்வது அதே தீர்ப்பின்மேல்தான்.

சிறைக்காட்சியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எல்லோரையும் பிடித்துக் கொண்டுவந்து உடையைக் கழற்றி, கைதி உடை கொடுக்கிறார்கள். ராக்கெட்டின் முதுகு ஒரு சில நொடி தெரிகிறது. ரோமத்துக்கு நடுவே உலோகத் துண்டுகள் பதித்திருக்கின்றன, சுற்றிலும் தழும்பு. குவில் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சோக இசை வைத்து நம்மைத் தட்டி எழுப்பவும் இல்லை. பிறகு மதுக்கடையில் குடித்துவிட்டு ட்ராக்ஸோடு கைகலப்பு வரும்போதுதான் அந்த முதுகுக்கு அர்த்தம் தெரிகிறது. என்னை இப்படி ஆக்கச் சொல்லி நான் கேட்டேனா, திரும்பத் திரும்பப் பிய்த்துப் பிய்த்து ஒட்டி ஒரு குட்டி அரக்கனாக ஆக்கச் சொல்லி நான் கேட்டேனா என்று கத்துகிறான். குரல் பிராட்லி கூப்பருடையது. துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், தொண்டையோ அடைத்துப் போகிறது. அவனை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது எது? மற்றவர்கள் அவனைப் பூச்சி, எலி என்று கூப்பிட்டது. நீங்கள் 'பேசும் ரக்கூன்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மதுக்கடையில் நீங்கள் ட்ராக்ஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறீர்கள்.

அந்த உருவம் இவ்வளவு நம்பும்படி இருப்பதற்குக் கம்ப்யூட்டர் மட்டும் காரணம் இல்லை. படப்பிடிப்பில் இயக்குனரின் தம்பி ஷான் கன், ராக்கெட்டின் உயரத்துக்குக் குனிந்தும் குந்தியும் உட்கார்ந்து அத்தனை வசனத்தையும் பேசி நடித்தார். மற்ற நடிகர்கள் வெறும் காற்றைப் பார்த்துப் பேசவில்லை, ஒரு மனிதனின் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். ட்ராக்ஸாக நடித்த டேவ் பௌடிஸ்டா மல்யுத்த மேடையிலிருந்து வந்தவர், அவருடைய முகத்தில் ராக்கெட்டைப் பார்க்கும்போது வருகிற குழப்பமும் வெட்கமும் அதனால்தான் அவ்வளவு நிஜமாக இருக்கின்றன.

சரி, 'உதவாக்கரைகள் கூட்டணி' என்பது பழைய சரக்குதானே என்று அடுத்து கேட்பீர்கள். பழசுதான். ஆனால் இந்தக் கூட்டணியின் பிறப்பே வேறு. இந்தப் பெயரில் காமிக்ஸ் குழு 1969லேயே வந்துவிட்டது, ஆட்கள் வேறு. க்ரூட் 1960ல் முதல் தடவை வந்தபோது பூமியைப் பயமுறுத்த வந்த ராட்சத மரம். ட்ராக்ஸ் 1973, கமோரா 1975, ஸ்டார் லார்டும் (நம் குவில்தான்) ராக்கெட்டும் 1976. ஆளாளுக்கு வேறு வேறு கதைகளில் வந்து, பெரிய புகழ் எதுவும் இல்லாமல் கிடந்தவர்கள். காமிக்ஸ் எழுத்தாளர்கள் டான் ஆப்நெட்டும் ஆண்டி லானிங்கும் 2008ல் இவர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். அப்புறம் நிக்கோல் பெர்ல்மன் மார்வெலின் திரைக்கதைப் பயிற்சித் திட்டத்தில் இருந்தபோது, அதிகம் பேருக்குத் தெரியாத கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், அவர் எடுத்தது இது. அதாவது திரைக்கு வருவதற்கு முன்னாலேயே இவர்கள் மூலையில் கிடந்தவர்கள்தான். படம் 2014ல் வந்து உலகம் முழுக்க 77 கோடி டாலர் வசூலித்தது. அந்தக் கணக்கை வைத்து உங்களோடு வாதாட மாட்டேன், வசூல் ஒரு படத்துக்கு நற்சான்று ஆகாது.

குவில் ஒரு இடத்தில் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து 'லூசர்ஸ்' என்கிறான். சொல்லிவிட்டு உடனே, எதையோ தொலைத்தவர்கள் என்று விளக்குகிறான், வீட்டை, குடும்பத்தை, சாதாரண வாழ்க்கையை. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் தோற்றவனையும் குறிக்கும், தொலைத்தவனையும் குறிக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் படம் தன் ஆட்களைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். ராக்கெட் கடைசியில், முனகிக்கொண்டே எழுகிறான். அதற்கு முன்னால் ட்ராக்ஸிடம் அவன் சொன்ன ஒரு பேச்சும் இருக்கிறது: எல்லோருக்கும்தான் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள், அதற்காகப் போகிற வழியில் மற்றவர்களையும் சாகடிக்கலாமா? மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஆளிடம் இதைச் சொல்வது ஈவிரக்கமற்ற பேச்சு. ஆனால் சொல்கிறவனும் பிய்த்து ஒட்டப்பட்டவன் என்பதால் அதைச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது.

வாக்மேனைப் பற்றியும் கேட்டீர்கள். படத்தில் இருப்பது சோனியின் முதல் வாக்மேன், டிபிஎஸ்-எல்2, 1979ல் வந்தது. நீலமும் வெள்ளியும் கலந்த உடம்பு, ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த ஹெட்போன். அந்த மாடலில் ஹெட்போன் செருக இரண்டு துளை உண்டு, இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்காக. குவில் பூமியை விட்டுப் போன நாளிலிருந்து தனியாகவேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனிடம் தாயின் மிச்சம் அந்தக் கேசட், அதில் அவள் தேர்ந்தெடுத்துப் பதிந்து கொடுத்த பாட்டுகள். சிறைக்காவலன் ஒருவன் அதைப் போட்டுக் கேட்கும்போது, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று பாய்கிறான். அதே ஹெட்போனைப் பிறகு தானே கழற்றி கமோராவின் காதில் வைக்கிறான். அவளை மயக்கப் பார்க்கிறான் என்பது நிஜம், அவளும் கத்தியை எடுத்து அவன் கழுத்தில் வைத்துவிடுகிறாள். ஆனாலும் தாயின் குரலுக்குப் பதிலாக வைத்திருந்த பொருளை இன்னொருத்தி காதில் வைத்துவிட்டான்.

இனி உங்கள் 'மூன்று வார்த்தை' மரம். படம் முழுக்க க்ரூட் சொல்வது 'ஐ ஆம் க்ரூட்', அதாவது 'நான் க்ரூட்' என்பதை மட்டும்தான், வின் டீசல் அதையே கோபமாக, குழப்பமாக, வாஞ்சையாக மாற்றி மாற்றிச் சொல்கிறார். முடிவில் விண்கலம் விழுந்து நொறுங்கப் போகும்போது க்ரூட் தன் கிளைகளை வளர்த்து மற்ற நாலு பேரையும் ஒரு கூட்டுக்குள் பொத்திக்கொள்கிறான். ராக்கெட் அழுதுகொண்டே கேட்கிறான், நீ செத்துவிடுவாயே, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று. க்ரூட் ஒரு சின்னக் கிளையால் அவன் கண்ணீரைத் துடைத்துவிட்டு அந்த வாக்கியத்தை முதல் தடவையாக மாற்றுகிறான். ஆங்கிலத்தில் அது 'வீ ஆர் க்ரூட்'. எங்கள் விமர்சகர் அதை 'நாம் க்ரூட்' என்று எழுதினார், 'நாங்கள்' என்று எழுதவில்லை. 'நாங்கள்' என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். அந்தக் கூட்டுக்குள் வெளியே நிற்பவர் யாரும் இல்லை. ஆங்கிலத்தால் காட்ட முடியாத ஒன்றை நம் மொழி அங்கே காட்டிவிடுகிறது, அந்த ஒரு சொல்லுக்காகவே நான் விமர்சகரைப் பாராட்டினேன்.

குறைகளை மறைத்தோம் என்றும் நினைக்க வேண்டாம். வில்லன் ரோனன் கறுப்பு அங்கியும் கனத்த குரலுமாக வந்து போகிறான், லீ பேஸ் போன்ற நடிகருக்கு இவ்வளவு குறைவாகக் கொடுத்தது பெரிய வீணடிப்பு. கமோராவும் நெபுலாவும் ஒரே கொடியவனின் வீட்டில் வளர்ந்த சகோதரிகள், அவர்களுக்குள் இருக்கிற பகை தனிப்படத்துக்கே தாங்கும், இங்கே இரண்டு மூன்று பேச்சோடு போய்விடுகிறது. எனக்கு இதைவிட மோசமாகப் பட்டது, ட்ராக்ஸ் எல்லோரையும் தன் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிற இடத்தில் கமோராவை விலைமகள் என்று சொல்லும் வரி. சிரிப்புக்காக வைத்தது. உவமையே புரியாத, சொன்னதைச் சொன்னபடி மட்டுமே எடுத்துக்கொள்கிற ஆள் ட்ராக்ஸ் என்று படம் முழுக்கக் காட்டிவிட்டு, அப்படிப்பட்டவன் வாயில் ஆதாரமே இல்லாத அந்த வசவை வைத்தது பாத்திரத்துக்கே துரோகம். மிருகத்துக்கும் மரத்துக்கும் கொடுத்த மரியாதையைப் படம் அந்த ஒரு வரியில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத் தவறிவிட்டது. நீங்கள் இதைக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

குழந்தைகள் படம் என்றால் எடைபோடக் கூடாது என்பது எந்த நியாயம்? தவளையை நசுக்குவதா வேண்டாமா என்று முதலில் முடிவெடுக்கிற வயதே அதுதானே. அவர்கள் பார்க்கிற படத்தைத்தான் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ராக்கெட்டின் அந்த முதுகுக்குப் பின்னால் இருந்த கதையை ஜேம்ஸ் கன் 2023ல் வந்த மூன்றாவது படத்தில் முழுதாகச் சொன்னார். முதல் படத்தில் ஒரு சில நொடி காட்டியதை ஒன்பது வருஷம் கழித்து மறக்காமல் எடுத்து முடித்த இயக்குனர், அதைச் சும்மா வேடிக்கைக்காக வைத்திருக்க மாட்டார்.

கடைசியாக, அவன் அழுதால் நாமும் அழ வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எல்லாம் முடிந்தபின் ராக்கெட் க்ரூட்டின் ஒரு குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுகிறான். ட்ராக்ஸ் வந்து பக்கத்தில் உட்காருகிறான். அவன் அழவில்லை, ஆறுதலாக ஒன்றும் சொல்லவும் இல்லை. கையை எடுத்து ராக்கெட்டின் தலையில் வைக்கிறான். ராக்கெட்டின் உடம்பு சட்டென்று விறைக்கிறது, இதுவரை யாரும் அப்படித் தொட்டதில்லை போல. ட்ராக்ஸ் கையை எடுக்காமல் மெதுவாகத் தடவிக்கொடுக்கிறான், கொஞ்சம் கொஞ்சமாக அந்த விறைப்பு இறங்குகிறது.