பட்டாளத்தார் வீட்டுப் பிரசவம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நான் வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். என் கணவர் ராணுவத்தில் நாயக். இப்போது லடாக்கில் இருக்கிறார். எனக்கு இது தலைப்பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. பிரசவ அறையில் என் அக்கா வாங்கிய வசவுகளையும், தேவையில்லாமல் வயிற்றைக் கிழித்துவிட்டார்கள் என்று அவள் இன்றுவரை அழுவதையும் பார்த்த பிறகு எனக்கு மருத்துவமனையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அமெரிக்க ராணுவ வீரர் ஒருவரின் மனைவி, கணவர் பக்கத்தில் இருக்க, வீட்டிலேயே பிள்ளை பெற்ற காணொளியைப் பார்த்தேன். என் கணவரும் போர்க்கள முதலுதவிப் பயிற்சி பெற்றவர். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவருக்கு 20 நாள் விடுப்பு கிடைக்கும். அதற்குள் வலி வருவதற்குக் கஷாயம் ஏதேனும் உண்டா? பிறப்புச் சான்றிதழ் வாங்குவதிலும், ராணுவத்தில் குழந்தையின் பெயரைப் பதிவதிலும் சிக்கல் வருமா? என் மாமியார் மட்டும் பிடிவாதமாக மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? நான் ராணுவ வீரரின் மனைவி. எனக்குத் தைரியம் இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. பட்டாளத்தில் இருப்பவர்களின் மனைவிகளிடம் நாம் எதிர்பார்க்கும் தைரியத்தைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சான்றிதழைப் பற்றிக் கவலை வேண்டாம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி எங்கே பிறந்த குழந்தையையும் 21 நாளுக்குள் பதியலாம். அந்தச் சான்றிதழை உங்கள் கணவர் யூனிட்டில் கொடுத்தால், குழந்தையின் பெயரை ராணுவப் பதிவேட்டில் சேர்க்கும் பார்ட் டூ ஆர்டர் போட்டுவிடுவார்கள். கஷாயம் எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு வாந்தியும் பேதியுமாக உடம்பின் நீரெல்லாம் வற்றிப்போன நிலையில் தலைப்பிரசவத்துக்குப் படுப்பதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. முழுவளர்ச்சி பெற்ற குழந்தை 37ஆம் வாரத்திலிருந்து 42ஆம் வாரத்துக்குள் எந்த நாளிலும் பிறக்கலாம். அதை ஒரு ராணுவக் கம்பெனியின் லீவு பட்டியலுக்குள் அடக்கப் பார்க்கிறீர்களே, இதை எழுதும்போது உங்களுக்கே உறுத்தவில்லையா?

உங்கள் அக்காவுக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் பயம் நியாயமானது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் அது 63.8 விழுக்காடு. இத்தனை பெண்களுக்கும் கத்தி தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வலியில் துடிக்கும் பெண்ணிடம் அசிங்கமாகப் பேசுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். அதை எதிர்த்துக் கேட்க வேண்டும், எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், துணைக்கு ஆள் நிற்க வேண்டும். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண்துணை ஒருவர் உடனிருக்கத் தமிழ்நாட்டில் 2004 முதலே இடமுண்டு. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம், மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று வழிகாட்டியது. இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. நீங்கள் கேட்பது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மரியாதையோடு பிள்ளை பெறவேண்டும் என்பதுதான். அதற்காக வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த அமெரிக்கக் காணொளியில் உங்கள் கண்ணில் படாதவை பல. அங்கே ராணுவக் குடும்பங்களுக்கான டிரைகேர் காப்பீடு வீட்டுப் பிரசவத்துக்குப் பணம் தருகிறது என்றால், செவிலியர் படிப்பும் மகப்பேற்றுப் பயிற்சியும் உரிமமும் பெற்ற ஒருவர் பிரசவம் பார்க்கிறார் என்பதால்தான் தருகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் அப்பாவுக்கும் 12 வாரம் விடுப்பு என்று 2022ஆம் ஆண்டு இறுதியில் அங்கே நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் பொதுச் சுகாதாரத் துறையே ஏற்று நடத்துவது. அங்கேகூட, எந்தச் சிக்கலும் எதிர்பார்க்கப்படாத அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 விழுக்காட்டுப் பெண்களைப் பிரசவத்தின்போதோ முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தது மருத்துவமனைப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 5.3 என்றால், வீட்டில் ஆயிரத்துக்கு 9.3. ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. உங்களுக்கு இது தலைப்பிரசவம். வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கும் உரிமம் பெற்ற ஒருவரை ஒடுகத்தூரில் எங்கே தேடுவீர்கள்? 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளியை நம்பி வீட்டில் பிள்ளை பெற முயன்ற இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அவருடைய கணவரும் நல்ல எண்ணத்தோடுதான் பக்கத்தில் இருந்திருப்பார்.

இப்போது உங்கள் கணவரின் பயிற்சிக்கு வருகிறேன். போர்க்களத்தில் அடிபட்டவனைக் காப்பாற்ற அவர் கற்றவற்றில் முதன்மையானது ரத்தத்தை நிறுத்துவது. கையிலோ காலிலோ காயம் என்றால் மேலே இறுக்கிக் கட்டுவார், புண்ணில் துணியை அழுத்தித் திணிப்பார். கருப்பையை எங்கே கட்டுவார்? நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கருப்பைக்குள் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கருப்பை கல்லைப் போல இறுகினால்தான் திறந்திருக்கும் ரத்தக்குழாய்கள் மூடும். இறுகவில்லை என்றால் உடம்பிலுள்ள ஐந்தாறு லிட்டரும் வெளியேற அதிக நேரம் பிடிக்காது. இது பலவீனமான பெண்ணுக்கு மட்டும் வருவதன்று. மாதாமாதம் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்த, ஒரு குறையும் சொல்ல முடியாத பெண்ணுக்கும் வருகிறது. அதனால்தான் குழந்தை பிறந்த நிமிடத்திலேயே 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அது போதவில்லை என்றால் வேறு மருந்து, அதுவும் போதவில்லை என்றால் உள்ளே பலூன், பிறகு ரத்தம் ஏற்றுதல், கடைசியில் அறுவை அரங்கு. இவற்றில் எந்தப் படி உங்கள் வீட்டில் இருக்கிறது?

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள். லடாக்கில் ஒரு போஸ்ட்டுக்கு ஆட்களை அனுப்பும்போது, அடிபட்டால் எப்படிக் கீழே கொண்டுவருவது என்று யோசிக்காமல் அனுப்புவார்களா? நர்சிங் அசிஸ்டன்ட் உடன் போவார், ரெஜிமென்ட்டின் மருத்துவர் இருப்பார், வானிலை இடம்கொடுத்தால் சீட்டா ஹெலிகாப்டர் வரும், லேயில் 153 ஜெனரல் ஹாஸ்பிடல் காத்திருக்கும். சியாச்சினில் காய்ச்சல் கண்ட ஜவானைக் கீழே இறக்குவதற்கு உயிரைப் பணயம் வைத்து விமானிகள் பறக்கிறார்கள். அந்த ஜவானுக்குத் தைரியம் குறைவு என்று ராணுவத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் இருக்கும் மனிதர், தன் மனைவியை ஊர்க்கோடியில் ஓர் அறையில் படுக்கவைத்து, மருந்து இல்லாமல், ரத்தம் இல்லாமல், வண்டிகூட இல்லாமல் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அன்பினால் சொல்கிறார், தெரிகிறது. அவருடைய சுபேதாரிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லிப் பார்க்கட்டும், அவர் என்ன திட்டு திட்டுவார் என்று.

எங்கள் ஊரும் வேலூர்ப் பக்கம்தான். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்கு இன்லண்ட் கடிதம் எழுதும் பெண்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். என் அத்தை அவர்களில் ஒருத்தி. மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தார். 1960களின் பிற்பகுதியில், அவர் வடகிழக்கு எல்லையில் இருந்தபோது, அத்தைக்கு இரண்டாம் பிரசவம். உள்ளறையில் நெல்மூட்டைகளை ஒதுக்கிப் பழம்புடவைகளை விரித்திருந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து அழுதது. நஞ்சுக்கொடி விழவில்லை. மருத்துவச்சிப் பாட்டி அத்தையின் தலைமயிரையே சுருட்டி அவள் வாயில் திணித்தாள். குமட்டும்போது அடிவயிறு இறுகி நஞ்சு வெளியே வந்துவிடும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். அதற்கும் வரவில்லை என்றதும் பாட்டி எழுந்து திண்ணைக்கு வந்து, முழங்கை வரை ரத்தம் வழியும் கையோடு, "இனிமே என் கையில இல்ல, வண்டியக் கட்டுங்க" என்றாள். நான் அங்கேதான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வண்டி கட்டவில்லை. விடியட்டும் என்றார்கள். இருட்டு, வழியில் ஆறு என்று காரணங்கள் வந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது வேறொன்று. கட்டியவன் ஊரில் இல்லை, அவன் பெண்டாட்டியை வெளியே கொண்டுபோய் ஏதாவது ஆகிவிட்டால் அவனுக்கு யார் பதில் சொல்வது? முடிவெடுக்க உரிமை உள்ளவன் எல்லையில் இருந்தான். இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கட்டியபோது கோழி கூவிவிட்டது. அத்தை ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

பழைய மருத்துவச்சிகளைப் போற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்தப் பாட்டி ஊரில் பாதிப்பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள், தன் கைக்கு எட்டாதது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் வண்டி கேட்டாள். அவளுக்குப் படியளந்த ஊர் அவள் பேச்சுக்கு மதிப்பளிக்கவில்லை. அவளைப் போற்றுகிறவர்கள் முதலில் அவள் கேட்ட வண்டியைக் கட்டட்டும்.

தந்தி கிடைத்து, லீவு வாங்கி, மலையிறங்கி, ரயில் மாறி மாமா வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்திருந்தது. அவரைச் சூழ்ந்துகொண்டு ஊர்ப் பெண்கள் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. "கடைசிவரைக்கும் ஒரு சத்தம் போடலைப்பா. பட்டாளத்தான் பொண்டாட்டின்னா அப்படித்தான் இருக்கணும்." அவள் சத்தம் போடாததற்குக் காரணம், ரத்தம் வடிந்து நினைவு தப்பியதுதான். அதைத் தைரியம் என்று பெயர் சூட்டி மாமாவின் கையில் கொடுத்தார்கள். அவரும் பாவம், சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவேதான் உங்கள் கடைசி வரி என்னை அவ்வளவு கலங்கடித்தது. பட்டாளத்தான் மனைவி தனியாகப் பிள்ளை பெறுவாள், தனியாகக் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவாள், தனியாகப் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள், அதையெல்லாம் தைரியம் என்று சொல்லிவிட்டால் அவளுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாட்டை யாரும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பாராட்டை நீங்களே எடுத்து உங்கள் மேல் போர்த்திக்கொள்கிறீர்கள். வேண்டாம், கண்ணே. கருப்பை இறுகுவதற்கும் உங்கள் மன உறுதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாமியாரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சம்மதிக்க வைக்க வேண்டாம். அவர் ஏன் மறுக்கிறார் என்று நீங்கள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. உட்காரவைத்துக் கேளுங்கள். பிரசவ அறைக்குள் உங்கள் துணையாக வரப்போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

செய்ய வேண்டியவற்றை இந்த வாரமே தொடங்குங்கள். பிரசவ நாளைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கணவருக்கு அனுப்புங்கள். அவர் கம்பெனி கமாண்டரிடம் இப்போதே பேசட்டும். ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆனுவல் லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. மிச்சம் இருப்பதை 38ஆம் வாரத்துக்கு ஒதுக்கி வைக்கட்டும். பிறக்கும் நேரத்தில் அவரால் வர முடியாமல் போனால் மனம் தளராதீர்கள், பச்சை உடம்போடு இரவெல்லாம் விழித்திருக்கும் நாட்களில் அவர் இன்னும் அதிகமாகத் தேவைப்படுவார். பக்கத்தில் யாரோ ராணுவ மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறதே என்பார்கள். அது ஓய்வு பெற்றவர்களுக்கானது. பணியில் இருப்பவரின் மனைவி ராணுவ மருத்துவமனைக்குப் போகலாம், ஆனால் அருகில் என்றால் சென்னை பரங்கிமலைதான், அவ்வளவு தூரம் வேண்டாம். உங்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிராமச் செவிலியரை அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கே போய், துணைக்கு யாரை அனுமதிப்பார்கள், கணவர் வந்தால் உள்ளே விடுவார்களா என்று நேரில் கேளுங்கள். நள்ளிரவில் உங்கள் வீட்டிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவையுங்கள். 108 வரத் தாமதமானால் யாருடைய வண்டி என்பதை ஓட்டுநரிடம் பேசி வையுங்கள். உங்கள் ரத்த வகையையும், அதே வகை ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்களையும் மாமியாரின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். கணவர் ஊரில் இல்லாதபோது முடிவெடுப்பது மாமியார்தான் என்பதை உங்கள் கணவரே வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி தொலைபேசியில் சொல்லிவிடட்டும்.

அன்புடன்.