மாநிலம் சிறிதானாலும் செனற்றில் இருவர்

கேள்வி: ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபையில், சனத்தொகை எவ்வளவாயினும் ஒவ்வொரு மாநிலத்திற்கும் இரண்டு இடங்களே உண்டு. இந்த ஏற்பாட்டிற்குக் காரணமானவர் யார்?
– உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவி, சாவகச்சேரி

பதில்: ஒருவர் பெயரைச் சொல்வதானால் றோஜர் ஷேர்மனின் பெயரையே சொல்லவேண்டும். 1721இல் மசாச்சூசெற்சில் பிறந்த இவர், இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் பழகி, பின்னர் கனெற்றிக்கட்டில் குடியேறி, நில அளவையாளராகவும் கடைக்காரராகவும் பஞ்சாங்கம் வெளியிடுபவராகவும் இருந்தபடியே தாமாகச் சட்டம் படித்து 1754இல் சட்டத்தரணியானார். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை வரையப் பணிக்கப்பட்ட ஐவருள் இவரும் ஒருவர்.

1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு கூடியபோது, இரு சபைகளிலும் சனத்தொகைக்கேற்பவே இடம் வேண்டும் என்று வேர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் கேட்டன. அப்படியானால் தங்கள் குரல் எடுபடாது என்று டெலவெயர் போன்ற சிறிய மாநிலங்கள் அஞ்சின. கீழ்ச் சபையில் சனத்தொகைப்படியும் மேற்சபையான செனற்றில் மாநிலத்திற்கு ஒரு வாக்கு வீதமும் கொடுக்கலாம் என யூன் 11ஆந் திகதி ஷேர்மன் முன்மொழிந்தார். மேற்சபை பற்றிய யோசனை 6க்கு 5 என்று தோற்றது. அவர் விடவில்லை. யூலை 2ஆந் திகதி மாநிலங்களின் வாக்குகள் 5க்கு 5 எனச் சமமாகி மாநாடே முறியும் நிலை வந்தபோது, மாநிலத்திற்கு ஒருவராக அமைத்த குழுவிலும், சுகவீனமுற்ற சக கனெற்றிக்கட் பிரதிநிதி எல்ஸ்வேர்த்துக்குப் பதிலாக அவர் அமர்ந்தார். யூலை 16இல், கீழ்ச் சபையில் சனத்தொகைப்படியும் செனற்றில் மாநிலங்களுக்குச் சமமாகவும் வாக்களிக்கும் இணக்கம் 5க்கு 4 என்று நிறைவேறியது. மசாச்சூசெற்சின் பிரதிநிதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றதால் அம்மாநிலத்தின் வாக்கு எந்தப் பக்கமும் சேரவில்லை. சனத்தொகைக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிடும் கொடிய விதியும் அதே இணக்கத்தில் இருந்ததை மறைக்கலாகாது.

என் மதிப்பில் ஷேர்மனின் மிகப்பெரிய பணி செப்ரெம்பர் 15இல் நடந்தது. தன் சம்மதமின்றி எந்த மாநிலமும் செனற்றிலுள்ள சமவாக்கை இழக்கலாகாது என்று அவர் வற்புறுத்தியதன் பேரில், அக்காப்பு அரசியலமைப்பைத் திருத்தும் முறையைக் கூறும் 5ஆம் உறுப்புரையில் சேர்க்கப்பட்டது. பெரும்பான்மை எவ்வளவு பெருகினாலும் அதனை அகற்றமுடியாது. இலங்கையின் முன்னைய அரசியலமைப்பான நமது சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு 1972இல் புதிய யாப்பு வந்தபோது இல்லாமற்போனதை அறிந்த யாழ்ப்பாண வாசகருக்கு இந்த வேறுபாட்டின் கனதி உடனே விளங்கும்.

ஷேர்மன் 1789இல் பிரதிநிதிகள் சபைக்கும் 1791இல் செனற்றுக்கும் சென்று, பதவியிலிருக்கும்போதே 1793இல் காலமானார். பரீட்சையில் ‘கனெற்றிக்கட் இணக்கம்’ பற்றி எழுதும்போது 5ஆம் உறுப்புரையையும் தவறாது குறிப்பிடுங்கள்.